பாஸ்வேர்டு போட்ட ஜிப், ‘பி.எல். டிராஃப்ட்’னு (கப்பல் சரக்கு ரசீதோட வரைவு) மெயில். திறந்தாச்சு, இப்போ என்ன பண்ணணும்?

கேள்வி (மண்ணடி):
கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ், 4 சிஸ்டம், ஒரே ரவுட்டர். ஷிப்பிங் லைன் பேர்ல வந்த மெயில்ல ஒரு ஜிப்; அதுக்குப் பாஸ்வேர்டும் மெயில்லயே இருந்துச்சு. உள்ளே பி.டி.எஃப் ஐகானோட ஒரு ஃபைல். டபுள் கிளிக் பண்ணதும் கறுப்பா ஒரு விண்டோ மின்னி மறைஞ்சுது, டாக்குமென்ட் எதுவும் வரல. ஆன்டிவைரஸும் ஒண்ணும் சொல்லல. விண்டோஸ் 11. ஆபீஸ் மெயில், ஐஸ்கேட் (கஸ்டம்ஸ் போர்ட்டல்), பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் இந்த குரோம்லதான் சேவ் ஆகியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஒரு பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான கஸ்டம்ஸ் படிவம்) போட்டாகணும். இதுலயே போடலாமா சார்?

பதில் (தண்டையார்பேட்டை):
போடாதீங்க சார். லேன் வயரை உருவுங்க, வைஃபையை ஆஃப் பண்ணுங்க. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் சொருகியிருந்தா அதையும் எடுத்துடுங்க. பேக்கப் ஹார்டு டிஸ்க் கிட்டவே போகக் கூடாது. ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுறதே ஸ்கேனர் உள்ளே பார்க்க முடியாம இருக்கத்தான்; அதான் ஆன்டிவைரஸ் மெயில்லயே பிடிக்கல.

இந்த மாதிரி ஃபைல் பெரும்பாலும் குரோம்ல இருக்கிற பாஸ்வேர்டையும் குக்கீயையும் (நீங்க லாகின் ஆகியிருக்கிறதை ஞாபகம் வெச்சிருக்கிற குறிப்பு) அள்ளி அனுப்பிடும். அதனால ஸ்கேனுக்கு முன்னாடி பாஸ்வேர்டு. போன்ல, மொபைல் டேட்டாவுல மாத்துங்க. மெயில்தான் முதல்ல, ஏன்னா மத்த எல்லா ரீசெட் லிங்க்கும் அங்கதான் வரும். அப்புறம் பேங்க், ஐஸ்கேட். எல்லாத்துலயும் ‘சைன் அவுட் ஆல் டிவைசஸ்’ இருந்தா அழுத்துங்க. குக்கீ போயிருந்தா ஓ.டி.பி. கேட்காமலே உள்ளே வந்துடுவாங்க.

கடைசியா மெயில் செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங், ஃபில்டர் ரெண்டையும் பாருங்க. இதைத்தான் பல பேர் விட்டுடுறாங்க.

கேள்வி கேட்டவர்:
ஃபில்டர்ல நாங்க போடாத ஒண்ணு இருக்கு சார். ‘இன்வாய்ஸ்’னு வர்ற மெயிலெல்லாம் தெரியாத ஒரு ஐ.டி.க்குப் போகுது!

பதில் (தண்டையார்பேட்டை):
ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அழிங்க. பாஸ்வேர்டை மாத்தினாலும் அந்த ஃபில்டர் தானா போகாது. அடுத்து உங்க பேர்லயே பார்ட்டிக்கு ‘பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு’னு மெயில் போகும். இன்னிக்கே பேமென்ட் பாக்கி இருக்கிற பார்ட்டி ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுச் சொல்லுங்க. யாராவது பணம் அனுப்பியிருந்தா, அந்த நிமிஷமே 1930 (சைபர் மோசடி ஹெல்ப்லைன்), கூடவே அவங்க பேங்க்.

பதில் (ராயபுரம்):
சிஸ்டம் விஷயம். விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அதுல டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். ரீஸ்டார்ட் ஆகி 15 நிமிஷம் போல ஓடும். விண்டோஸ் ஏறாத நிலையில தேடுறதால ஒளிஞ்சிருக்கிறதும் மாட்டும். ஆனா ஏற்கெனவே இறங்கியிருக்கிற டெஃபினிஷனை (வைரஸ் அடையாளப் பட்டியல்) வெச்சுத்தான் தேடும். ‘ஒண்ணுமில்ல’னு வந்தாலும் நான் ஃபார்மேட்தான் சொல்வேன். வேற நல்ல சிஸ்டத்துல 8 ஜி.பி. பென்டிரைவ்ல மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்தே விண்டோஸை இறக்குங்க. எக்செல், பி.டி.எஃப், படம் மட்டும் காப்பி பண்ணுங்க. மத்த 3 சிஸ்டத்துக்கும் ஃபுல் ஸ்கேன்.

அந்த ஃபைல் பேரு ‘டிராஃப்ட்.பி.டி.எஃப்.இ.எக்ஸ்.இ’னு இருந்திருக்கும், விண்டோஸ் கடைசித் துண்டை மறைச்சிடுது. 2000 மே மாசம் வந்த ‘ஐ லவ் யூ’ வைரஸும் இந்த மறைப்பை வெச்சுத்தான் ஏமாத்துச்சு. எக்ஸ்புளோரர்ல வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் பண்ணிடுங்க, நாலு சிஸ்டத்துலயும். ‘டைப்’ங்கிற இடத்துல ‘அப்ளிகேஷன்’னு இருந்தா திறக்கவே வேண்டாம். பி.எல். நிஜமானு கேட்க, மெயில்ல இருக்கிற நம்பர் இல்ல, பழைய இன்வாய்ஸ்ல இருக்கிற நம்பருக்குப் பேசுங்க.