குலையா உரிமையா, முறியா முறியா?

சென்னையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். சட்ட மாணவர்களுக்கான நில வரலாற்றுப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை காலைக்குள் கொடுத்தாக வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்து, 1858 ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்த நிலப் பதிவு முறை பற்றியது. பதிவகத்தின் ஓராண்டு வேலையைக் காட்டும் அட்டவணைக்குத் தலைப்புகள் போட்டுவிட்டேன்: சட்டத்தின் கீழ் வந்த நிலம், வழங்கிய சான்றிதழ், கைமாற்றம், அடமானம், மீட்பு, தடைக்குறிப்பு ('கேவியட்', நிலத்தில் உரிமை கோருபவர் கைமாற்றத்தைத் தடுக்க ஏட்டில் இடும் குறிப்பு). அத்தனைக்கும் அடிப்படையான 'இன்டிஃபீசிபிள் டைட்டில்' மட்டும் அகப்படவில்லை. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் உரிமை அவருடையது. பழைய பத்திரங்களைத் தோண்டி அதைக் கலைக்க முடியாது. 'அசையா உரிமை' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

மதுரையிலிருந்து:
வேண்டாம் அம்மா. மாணவன் அசையாச் சொத்து என்று படித்துவிட்டுப் போவான். ஆவணத்துக்கு முறி என்றொரு பழைய பெயர் இருக்கிறது. தளிருக்கும் முறி என்று பெயர். ஓலையில் எழுதியதால் இலையின் பெயர் ஆவணத்துக்கு ஏறியது என்பது என் துணிபு. ஆகவே 'முறியா முறி' என்பேன். முன்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். மகரம் வருவதால் வலி மிகும் தொல்லையும் இல்லை. இதைவிட அழகாக வேறென்ன வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து:
அழகுதான் ஐயா. ஆனால் இலங்கைப் பத்திரிகைகளில் பிணைமுறி என்றால் அரசாங்கம் கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரம். இங்கே மாணவர் முறி என்றதும் கடனைத்தான் நினைப்பார்கள். அட்டவணையில் ஈட்டுநிதி (பதிவு முறையால் நிலம் இழந்தவருக்கு ஈடு கொடுக்கும் நிதி) என்று ஒரு பத்தி வந்தால் அதை 'உறுதி நிதி' என்றும் எழுதிவிடாதீர்கள் தங்கச்சி. எங்களுக்கு உறுதி என்றால் கிரயப் பத்திரம். எந்தப் பத்திரக் கட்டை ஒழிக்க டாரன்ஸ் பாடுபட்டாரோ, அதையே அவர் தலையில் கட்டியது போலாகும்.

தஞ்சாவூரிலிருந்து:
வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஒரு சொல். 'பட்டா' என்றே போட்டுவிட்டால் என்ன? பாமரனுக்கும் புரியும். ஆண்டுக் கணக்கு என்றால் நமக்கு ஜமாபந்தி இருக்கிறது. பசலி என்னும் வருவாய் ஆண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது. அவர்கள் சட்டம் ஜூலை 2-இல் பிறந்திருக்கிறது. ஒரு நாள் பிந்திவிட்டார்கள்!

சென்னையிலிருந்து:
ஐயா, பட்டா உரிமை மூலம் ஆகாது என்று நம் நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. ஜமாபந்தி வரிக் கணக்கைச் சரிபார்க்கிறது. டாரன்ஸ் பதிவு உரிமையையே உண்டாக்குகிறது. நம் சார்பதிவகத்தில் பதிவாவது பத்திரம்தான். வில்லங்கச் சான்று வாங்கி, தாய்ப்பத்திரம் வரை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். அன்று அங்கே கட்டிய பெரும் புத்தகத்தில் ஒரு நிலத்துக்கு ஓர் ஏடு. மேலே உரிமையாளர் பெயர், நில விவரம், வரைபடம். கீழே அடமானமும் மீட்பும் வரிசையாக ஏறும். அதன் இரட்டைப்படி உரிமையாளர் கையில் இருக்கும். தொகுதி எண், ஏட்டு எண் இரண்டையும் சொன்னால் போதும். சட்டத்துக்குப் பின் அரசு வழங்கிய நிலம் தானாகவே இதில் சேரும். முன்பே வழங்கியதை உரிமையாளர் விண்ணப்பித்துத்தான் சேர்க்க வேண்டும். அட்டவணையில் அதற்குத் தனிப்பத்தி இருப்பது அதனால்தான்.

மதுரையிலிருந்து:
இரட்டைப்படி என்றதும் சுந்தரர் நினைவுக்கு வருகிறார். கிழவர் வேடத்தில் வந்த ஈசன் நீட்டிய ஆளோலையை, அதாவது அடிமைப் பத்திரத்தை, பறித்துக் கிழித்தார் அல்லவா? கிழிந்தது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிவந்தது. பாட்டனார் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஈசன்தான் முதல் பதிவாளர்!

ஈப்போவிலிருந்து:
ஈசன் இருக்கட்டும் ஐயா, வெள்ளிக்கிழமை வருகிறது. நான் வழக்கறிஞன், மலேசியாவில் இன்றும் டாரன்ஸ் முறைதான். இங்கே நம் மக்கள் அந்தத் தாளை 'கிராண்ட்' என்பார்கள். 'முறியா' என்பதில் எனக்குத் தயக்கம். மோசடி செய்து பெயர் ஏற்றிக்கொண்டவனின் உரிமை முறியும். போலிக் கையெழுத்தில் வந்த நிலத்தை ஒன்றுமறியாமல் வாங்கியவர் கதி என்ன? எங்கள் கூட்டரசு நீதிமன்றம் 2000-இல் வாங்கியவர் பக்கம் நின்றது. 2010-இல் அது தவறு என்று தானே சொன்னது. 'வில்லங்கமற்ற' என்றும் எழுதாதீர்கள். ஏட்டில் அடமானம் ஏறியிருந்தாலும் உரிமை உரிமைதான். 'குலையா உரிமை' என்று வைத்து, மோசடி விலக்கை அடிக்குறிப்பில் சொல்லிவிடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
குலையா என்பது நன்று. இன்னொன்று, டாரன்ஸ் செய்ததே முறிப்புத்தான். ஒவ்வொரு கைமாற்றமும் அரசு புதிதாக நிலம் கொடுத்தது போல. பழைய பத்திரச் சங்கிலி அங்கே அறுந்துபோகிறது. முறித்ததால் கிடைத்த உரிமைக்கு 'முறியா' என்று பெயர் வைப்பதா?

தஞ்சாவூரிலிருந்து:
குலை என்றால் எங்கள் பக்கம் வாழைக்குலை. இருந்தாலும் பட்டாவுக்கு ஆதரவில்லை என்று தெரிகிறது. குலையாவுக்கே என் கை.

சென்னையிலிருந்து:
மூன்று பேர் குலையா என்கிறீர்கள். 'குலையா உரிமை' என்றே அனுப்புகிறேன். சான்றிதழுக்கு வேறு சொல் தேடவில்லை. 'கேவியட்' என்றால் இங்கே உரிமையியல் நீதிமன்றத்தில் போடும் மனு நினைவுக்கு வரும் என்பதால் தடைக்குறிப்பு அப்படியே நிற்கும். எல்லோருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:
அனுப்புங்கள் அம்மா. என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். குலைதல் கட்டுக்கும் வரிசைக்கும் உரியது. ஓலை முறியும், குலையாது. அடுத்த பதிப்பில் பார்ப்போம். 'உரிமை' என்பதிலும் எனக்கொரு ஐயம் இருக்கிறது. அதை நாளை எழுதுகிறேன்.