சிவப்பு இதழ்கள் நிற்காமல் தொங்குகின்றன: மாடலிங் சாக்லேட் உதவி தேவை

கேள்வி:
வணக்கம். கிறிஸ்துமஸ் விருந்து மேசையின் நடுவில் வைக்க, மாடலிங் சாக்லேட்டில் (உருக்கிய சாக்லேட்டில் சிரப் கலந்து, உருவங்கள் செய்யப் பிசையும் மாவு) பாயின்செட்டியா என்ற சிவப்புக் கிறிஸ்துமஸ் பூ வைத்த மலர்வளையம் செய்துகொண்டிருக்கிறேன். டார்க் சாக்லேட் 300 கிராமுக்கு 150 கிராம் குளுக்கோஸ் சிரப் சேர்த்தேன். கிளைகளும் பைன் காய்களும் அருமையாக வந்தன. அதே அளவில் வெள்ளை சாக்லேட்டைச் செய்து, சிவப்பு ஜெல் நிறம் சேர்த்து இதழ் வெட்டினால் கொஞ்ச நேரத்தில் தொங்கிவிடுகிறது. பிசையும்போது எண்ணெயும் கசிகிறது. இந்த மாவைக் காப்பாற்ற முடியுமா?

பதில் 1:
முடியும், தூக்கிப் போடாதீர்கள். டார்க் சாக்லேட்டில் உள்ள கொக்கோத் தூள் சிரப்பின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெள்ளையில் அந்தத் தூளே கிடையாது, கொக்கோ வெண்ணெயும் பாலும் சர்க்கரையும்தான். அதனால் 300 கிராம் வெள்ளைக்கு 75 முதல் 90 கிராம் சிரப் போதும். இன்னும் 200 முதல் 300 கிராம் வெள்ளை சாக்லேட்டை உருக்கி, வெதுவெதுப்பாக ஆறியதும் இந்த மாவையும் லேசாக இளக்கி அதில் சேருங்கள். ஒன்றாகக் கலந்தவுடன் நிறுத்திவிடுங்கள். அதிகம் கிளறினால் எண்ணெய் பிரியும். காற்றுப் புகாமல் சுற்றி, ஓர் இரவு அறையிலேயே விடுங்கள்.

கசிவுக்குக் காரணம் கைச்சூடு. கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியிலேயே உருகிவிடும். எண்ணெயைத் துடைத்து எடுக்க வேண்டாம், அது மாவுக்குச் சொந்தமானது. தட்டையாகப் பரப்பி ஆறவிட்டு, பிறகு பிசைந்தால் உள்ளே போய்விடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. நிறத்தையும் கவனியுங்கள். அடர்சிவப்புக்கு ஜெல் நிறைய ஊற்ற வேண்டியிருக்கும், அந்த ஈரமும் மாவைத் தளர்த்தும். எண்ணெயில் கரையும் நிறமோ பொடி நிறமோ நல்லது. நாளைக்குத் தேவையான சிவப்பை இன்றே கலந்துவிடுங்கள், வைக்க வைக்க நிறம் ஆழமாகும்.

இதழை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து ஓரத்தை மட்டும் மெல்லியதாகத் தேயுங்கள், அடிப்பகுதி தடிமனாகவே இருக்கட்டும். கசக்கிய ஃபாயில் தாளின் மேல் வளைத்து வைத்து இறுகவிடுங்கள். ஒட்டுவதற்கு உருகிய சாக்லேட் ஒரு சொட்டு போதும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: பெரிய இதழ்களை வெளியே அடுக்கி, இடைவெளிகளில் சின்ன இதழ்களை வைத்து, நடுவில் மஞ்சள் மணிகளை ஒட்டும்போது பூ சட்டென்று உயிர் பெறும்.

கேட்டவர்:
மிக்க நன்றி! புதிதாகக் கலந்த மாவு இறுகிவிட்டது, இதழ்கள் நிமிர்ந்து நிற்கின்றன. வளையத்தின் நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றலாமா? விருந்து வரை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில் 1:
இரண்டும் வேண்டாம். சுடர் பக்கத்து இதழ்களை உருக்கிவிடும், பேட்டரி விளக்கு வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் மேலே நீர் கோத்துப் பிசுபிசுக்கும். குளிர்ந்த, வெயில் படாத அறையில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் மூடி வைத்தால் போதும்.