ஒவ்வாத் தனிமமா, பொருந்தாத் தனிமமா?

அன்புடையீர், வணக்கம்.

சுப்பீரியர் ஏரியைச் சூழ்ந்த பழம்பெரும் எரிமலைப் பாறைகளைப் பற்றிய பாடமொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கா நடுவே பிளக்கத் தொடங்கி, பிளவு முற்றாமலே நின்றுபோன காலத்தில் வழிந்த பசால்ட் அது. புவியின் கவச அடுக்கு சிறிதளவு உருகும்போது, படிகங்களில் இடம் கொள்ளாமல் உருகலுக்குள் சென்றுவிடும் தோரியம், நியோபியம், லாந்தனம் போன்றவற்றை 'இன்கம்பாட்டிபிள்' என்கின்றனர். 'ஒவ்வாத் தனிமம்' என்று எழுதியிருக்கிறேன். தகுமா?

*

ஐயா, ஒவ்வாமை என்றதும் மாணவருக்குத் தும்மலும் தடிப்புமே நினைவுக்கு வரும். 'பொருந்தாத் தனிமம்' என்க. இரண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமே ஆதலால் தகர ஒற்று மிகுவதில் மாற்றமில்லை. பெருந்திணையைப் பொருந்தாக் காமம் என்று வழங்கிய மரபும் நமக்குத் துணை நிற்கிறது. அங்கும் குறை ஒருவரிடத்தில் இல்லை, இருவரின் சேர்க்கையில்தான் இருக்கிறது.

*

பெருந்திணையை விட்டுவிடுவோம். இலங்கையில் நாங்கள் தனிமத்தை 'மூலகம்' என்றே படித்தோம். 'பொருந்தா மூலகம்' என்றால் புணர்ச்சி பற்றிய கேள்வியே எழாது.

*

நான் நிலவியல் கற்பிப்பவள். சேர்க்கை என்று மேலே சொன்னது, விளையாட்டாகச் சொன்னாலும், அறிவியலுக்கு நெருக்கமானது. இட்டெர்பியம் கார்னெட் என்னும் கனிமத்தில் நன்றாக அமரும், லாந்தனம் அமராது. ஆகவே பசால்ட்டில் இட்டெர்பியத்தைக் காட்டிலும் லாந்தனம் மிகுந்திருப்பது, கார்னெட் நிலைத்திருக்கும் ஆழத்தில் உருகல் நிகழ்ந்தது என்பதற்கு ஒரு தடயமாகிறது. எனவே 'எந்தக் கனிமத்துடன்' என்பதைச் சொல்லாமல் பொருந்தாமை பேசுவது முழுமையாகாது. உருகலை நாடிச் செல்வதால் 'உருகல்நாடி' என்று பெயரிட்டால் என்ன?

*

அம்மா, தனிமங்கள் இரும்பை நாடுமா, பாறையை நாடுமா என்று பிரிக்கும் கோல்ட்ஷ்மிட் வகைப்பாட்டிற்கு இரும்புநாடி, பாறைநாடி என ஆளத் தொடங்கிவிட்டோம். லாந்தனமும் தோரியமும் அதன்படி பாறைநாடிகள். ஒன்றையே இரண்டு நாடிகளாக்கினால் மாணவர் தடுமாறுவர்.

*

ஏற்கிறேன். ஆனால் மொழிபெயர்ப்பில் இன்னொரு குழப்பம் கண்டேன்: 'நகராத் தனிமம்' என்பதும் பொருந்தாத் தனிமமும் ஒன்றென ஓரிடத்தில் எழுதப்பட்டுள்ளது. ருபீடியம் பொருந்தாதது, ஆயினும் புதையுண்ட பாறையூடாக வெந்நீர் ஓடும்போது எளிதில் இடம்பெயரும். சுப்பீரியர் ஏரிக்கரையின் கிவீனா பகுதியில் தனிச்செம்பை, அதாவது உலோகமாகவே கிடைக்கும் செம்பை, படியவைத்ததும் அத்தகைய நீரோட்டந்தான். இவ்வளவு பழைய பாறையில் தோரியம், நியோபியம், சிர்க்கோனியம் ஆகியவற்றை நம்புவதற்குக் காரணம் அவை பொருந்தாமை மட்டுமன்று, பெரும்பாலும் நகராமலும் இருப்பதே. தோரியம் கூடி, அதற்கேற்ப நியோபியம் கூடாதிருந்தால், எழுந்த பாறைக்குழம்பில் கண்டத்தின் மேலோடு கலந்திருக்கக்கூடும் என்று ஐயுறலாம். இரு சொற்களும் வேண்டும். ஒன்றில் மற்றொன்றை ஒளிக்க வேண்டாம்.

*

பெரும்பான்மையோர் கருத்துப்படி 'பொருந்தாத் தனிமம்', 'நகராத் தனிமம்' என்றே அனுப்புகிறேன். முதற்பயன்பாட்டில் கனிமத்தின் பெயரையும் சேர்த்துவிடுகிறேன். மூலகம் வேண்டியவர் பொறுத்தருள்க.

*

பொறுத்தேன், ஏற்கவில்லை.