இலவசக் கல்வியில் படித்த டொக்டர்கள் வெளிநாடு போவது சரியா?

பனங்கூடல்:
போன கிழமை அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். விடிய ஐந்து மணிக்கே நம்பர் எடுத்தோம். பத்தரைக்குத்தான் சொன்னார்கள், டொக்டர் வெளிநாடு போய்விட்டாராம், பதிலுக்கு இன்னும் ஆள் வரவில்லையாம். அம்மா கிளினிக் கொப்பியை மடியில் வைத்தபடி பேசாமல் இருந்தார். இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? கொழுந்து பறிக்கிற பெண் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கட்டுகிற வரியிலிருந்தும்தான். பத்து வருடமாவது இங்கே வேலை செய்யாத டொக்டரை விமானம் ஏற விடக்கூடாது.

ஊர்க்குருவி:
அண்ணா, அப்படிப் போனவள்தான் நான். 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ஆனது. இரவு முழுக்கப் பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு விடிய வார்ட்டுக்குப் போவேன். அங்கே மருந்து இருக்காது. வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுப்பேன். ஒரு ஐயா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்குத்தான் காசு இருக்குப் பிள்ளை" என்றார். அன்றிரவு நான் தூங்கவில்லை. அடுத்த ஜனவரியில் வருமான வரியை 36 வீதம் வரை கூட்டினார்கள். அப்புறம்தான், வெளிநாட்டில் படித்த டொக்டர்கள் பிரிட்டனில் வேலை செய்ய எழுதுகிற பிளாப் பரீட்சைக்குப் பணம் கட்டினேன். நைஜீரியாவிலும் 2023இல், ஐந்து வருடம் உள்நாட்டில் வேலை செய்தால்தான் முழு அனுமதிப்பத்திரம் என்று ஒரு எம்.பி. சட்டமூலம் கொண்டுவந்தார். டொக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதுதான் மிச்சம்.

பனங்கூடல்:
தங்கச்சி, நீங்கள் பட்ட கஷ்டத்தை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐயாவால் பிளாப் எழுத முடியாதே. அவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்.

செம்பருத்தி:
இரண்டு பேருமே லண்டனைப் பற்றிப் பேச மறந்துவிட்டீர்கள். பிரிட்டனில் பதிவான டொக்டர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டில் படித்தவர்கள். ஆள் பற்றாக்குறை உள்ள ஏழை நாடுகளில் வலிந்து ஆளெடுக்காதீர்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2010இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஒருவரைப் படிப்பிக்க இங்கே ஆன செலவை, கூட்டிப்போகிற நாடு எண்ணி வைக்கட்டும். அந்தக் காசில் மருந்தும் வாங்கலாம், சம்பளமும் கூட்டலாம்.

பனங்கூடல்:
காசு வந்தால் நல்லதுதான். ஆனால் கண் டொக்டர் வருவாரா?

ஊர்க்குருவி:
சம்பளமும் மருந்தும் சரியாக இருந்தால் நானே வருவேன் அண்ணா. அம்மாவுக்குக் கண்ணில் என்ன, வெண்புரையா? கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்துத் தனிமடலில் அனுப்புங்கள். என்னோடு படித்த ஒருவர் பக்கத்து மாவட்டத்தில் கண் டொக்டராக இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன்.

பனங்கூடல்:
இன்றிரவே அனுப்புகிறேன், நன்றி தங்கச்சி. பத்து வருடம் என்றதை மட்டும் நான் விடமாட்டேன்.