கார் நிறுவனமே வண்டியைத் திரும்பப் பெறும்போது ஒப்படைக்கும் நாளை எப்படி முடிவு செய்வது?

மண்டபம் ஊரிலிருந்து போய் நியூயார்க் மாநிலத்தில் வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இது பதில். அவர் புதிதாக வாங்கிய கார் ஒரே கோளாறுக்காகப் பலமுறை டீலரிடம் போய் வந்த பிறகு, தயாரித்த நிறுவனமே காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்படைக்கும் நாளைக் குறித்துச் சொல்லும்படி அவரிடமே கேட்டிருக்கிறார்கள். ஊரில் இருக்கும் அப்பா, "தருகிறேன் என்று சொன்னவன் மனம் மாறுவதற்குள் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கு" என்கிறார். உடன் வேலை பார்ப்பவர்கள், கடைசி நாள் வரைக்கும் ஓட்டிவிட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஜூன் மாதம் தங்கையின் திருமணத்துக்கு அவர் ஊருக்கு வர வேண்டும்.

நான் நியூஜெர்சியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பியவன். பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து போகும் பிள்ளைகள் இப்படிப்பட்ட காகிதங்களை அனுப்பி யோசனை கேட்பதுண்டு. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை இருவருமே கேட்கவில்லை. உங்களுக்குத் தரப்போகும் தொகையிலிருந்து "பயன்படுத்தியதற்கான கழிவு" என்று ஒரு தொகையை நிறுவனம் பிடித்துக்கொள்ளும். அந்தக் கழிவு எந்த மைலைக் கணக்கில் எடுக்கிறது என்பதுதான் அந்தக் கேள்வி. அமெரிக்காவில் லெமன் சட்டம் என்று வழங்கும், கோளாறான புதிய கார்களுக்கான நுகர்வோர் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் இருப்பவர் சொல்லும் அனுபவம் நியூயார்க்கில் இருப்பவருக்குப் பொருந்தாமல் போவது குறிப்பாக இந்த இடத்தில்தான்.

கலிபோர்னியாவில், அந்தக் கோளாறுக்காக முதன்முறை டீலரிடம் காரைக் கொண்டுபோன அன்று ஓடோமீட்டர் எவ்வளவு காட்டியதோ அந்த மைலை 1,20,000-ஆல் வகுத்து, காரின் விலையால் பெருக்குகிறார்கள். 36,000 டாலருக்கு வாங்கிய கார் 6,000 மைல் ஓடியிருந்தபோது முதன்முறை பழுதுக்குப் போயிருந்தால் கழிவு 1,800 டாலர். அதற்குப் பிறகு அது 20,000 மைல் ஓடியிருந்தாலும் இந்தச் சூத்திரத்தின்படி கழிவு அதே 1,800 டாலர்தான். நியூயார்க்கில் கணக்கு வேறு. அங்கே முதல் 12,000 மைலுக்குக் கழிவே கிடையாது. அதற்கு மேல் ஓடிய ஒவ்வொரு மைலையும் காரின் விலையால் பெருக்கி 1,00,000-ஆல் வகுக்கிறார்கள். அதே 36,000 டாலர் கார் என்றால், 12,000-ஐத் தாண்டிய ஒவ்வொரு மைலுக்கும் 36 சென்ட் உங்கள் தொகையில் குறையும். ஆயிரம் மைல் ஓட்டினால் 360 டாலர் குறையும்.

எனவே கலிபோர்னியாக்காரர் அவசரப்பட வேண்டியதில்லை என்பதும், நியூயார்க்கில் இருக்கும் நீங்கள் உடனே கொடுத்துவிட வேண்டும் என்பதும்தான் முடிவு என்று தோன்றும். ஆனால் அந்த 360 டாலரைத் தனியாக வைத்துப் பார்க்கக் கூடாது. காரை இன்றே கொடுத்துவிட்டால் நாளை வேலைக்கு எதில் போவீர்கள்? நியூயார்க் நகரத்துக்குள் இருந்தால் ரயிலில் போய்விடலாம். மாநிலத்தின் உட்பகுதியில் ஒரு சிற்றூரில் இருந்தால் கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாது. மாதம் ஆயிரம் மைல் ஓட்டுபவருக்கு அந்த மாதத்தின் கார்ச் செலவு 360 டாலரும் பெட்ரோலும் காப்பீடும்தான் என்றால், அந்த விலைக்கு வாடகைக் கார் கிடைப்பது அரிது. அவசரத்தில் தவறான விலைக்கு இன்னொரு கார் வாங்குவதைவிட அது மலிவு.

நான் இதை உங்கள் அப்பாவுக்குச் சொல்வதாக இருந்தால் படகை வைத்துச் சொல்வேன். விசைப்படகைக் கரையேற்றிப் பழுது பார்க்க மண்டபத்தில் யாரும் நல்ல மீன்பாடு கிடைக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், படகு எப்படியும் கரையில் நிற்கும்போதுதான் ஏற்றுகிறார்கள். உங்களுக்கு அந்தத் தடைக்காலம், ஊருக்கு வரும் அந்த ஜூன் மாதம். விமானம் ஏறுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு ஒப்படைத்தால், ஊரில் இருக்கும் நாள்களுக்குக் காப்பீட்டுப் பணம் கட்ட வேண்டாம், காரை எங்கே நிறுத்துவது என்ற கவலையும் வேண்டாம். திரும்பிப் போனதும் கையில் பணத்தோடு நிதானமாக அடுத்த காரைத் தேடலாம். விமானம் ஏறும் அன்றே ஒப்படைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த நாள்கள் தள்ளிப்போவது சாதாரணம்.

நண்பர்களின் "கடைசி நாள் வரைக்கும் ஓட்டு" என்ற யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். வோக்ஸ்வாகன் டீசல் விவகாரத்தில் அது சரியான யோசனையாக இருந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த நிறுவனம் புகைச் சோதனையில் செய்த மோசடியை வெளியிட்டது. 2016 அக்டோபர் 25 அன்று நீதிபதி சார்லஸ் பிரேயர் 2 லிட்டர் டீசல் கார்களை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்வதற்கான உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தார். அதன்படி காரின் விலை, மோசடி வெளிவந்த 2015 செப்டம்பர் மாத மதிப்பிலேயே நிலைநிறுத்தப்பட்டது. அதற்கு மேல், மோசடி வெளிவருவதற்கு முன்பே காரை வாங்கி வைத்திருந்த உரிமையாளருக்குக் குறைந்தது 5,100 டாலர் இழப்பீடும் உண்டு. ஆண்டுக்கு 12,500 மைல் வரை ஓட்டியதற்குக் கழிவும் இல்லை. விண்ணப்பிக்க 2018 செப்டம்பர் 1 வரையிலும், காரை ஒப்படைக்க அந்த ஆண்டு டிசம்பர் 30 வரையிலும் நேரம் கொடுத்தார்கள். வேறு எந்தக் காரும் ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்கும்போது இந்தக் கார் மட்டும் இறங்கவில்லை என்பதால், குறைவாக ஓட்டுபவர்கள் நிதானமாகக் காத்திருந்தது கணக்குப்படி சரிதான். உங்கள் கணக்கிலோ 12,000-ஐத் தாண்டிய பிறகு ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் கழிவு ஏறிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் அடைந்த லாபம் உங்களுக்குக் கிடைக்காது.

அந்தத் திட்டத்திலும் காத்திருந்தவர்களுக்கு ஓர் ஆபத்து இருந்தது, அது உங்களுக்கும் உண்டு. காத்திருக்கும் நாளில் பெரிய விபத்தாகிக் கார் உருக்குலைந்தால், நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளக் கார் இருக்காது. காப்பீட்டு நிறுவனம் அன்றைய சந்தை விலையைத்தான் தரும். பனிக்காலத்தில் சாலை உறையும் ஊரில் இருப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, கொடுக்கப்போகும் கார்தானே என்று நல்ல டயரையும் ஸ்டீரியோவையும் கழற்றி விற்றுவிடும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். டீசல் விவகாரத்தில் சிலர் அப்படிச் செய்தபோது, உடன்படிக்கையின் நோக்கம் அதுவல்ல என்று 2016 டிசம்பரில் நீதிபதியே கண்டித்தார். நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்திலும் கார் சாதாரணத் தேய்மானத்தைத் தவிர வேறு சேதம் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும்.

கோளாறு பிரேக், ஸ்டியரிங், தீப்பிடிக்கும் வாய்ப்பு ஆகியவற்றைப் பற்றியது என்றால் மேலே சொன்ன கணக்கு எதுவும் வேண்டாம், அடுத்த நாளே கொடுங்கள். 2022-ல் டொயோட்டா தனது பிஇசட்4எக்ஸ் மின்கார்களின் சக்கரப் போல்ட்டுகள் தளரலாம் என்று கண்டபோது, ஓட்டவே வேண்டாம் என்று உரிமையாளர்களிடம் சொன்னது. 2021-ல் ஜெனரல் மோட்டார்ஸ், தீப்பிடிக்கலாம் என்பதால், 'போல்ட்' என்ற பெயருள்ள தனது மின்கார்களை வீட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னது. மைலுக்கு 36 சென்ட் என்ற கணக்கெல்லாம் பாதுகாப்பான காருக்குத்தான்.

இனி காகிதங்கள். நம் ஊரில் தெரிந்த மெக்கானிக்கிடம் வாய்ச்சொல்லிலேயே எல்லாம் முடிந்துவிடும், அந்தப் பழக்கத்தோடு அங்கே போகக் கூடாது. டீலரிடம் ஒவ்வொரு முறை காரை விடும்போதும் பழுது ஆணை என்ற தாள் எழுதப்பட வேண்டும். கார் உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி, இரண்டு நேரத்திலும் ஓடோமீட்டர் காட்டிய மைல், நீங்கள் சொன்ன குறை, அவர்கள் செய்த வேலை ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். "சாப்ட்வேர் மட்டும்தான் மாற்றினோம், தாள் எதற்கு" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள். தாளை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். கலிபோர்னியாக் கணக்கில் அந்த முதல் தாளில் இருக்கும் மைல் எண்தான் உங்கள் கழிவையே தீர்மானிக்கிறது. நியூயார்க்கில் இருப்பவர், கழிவுக்கான மைலை எந்தத் தேதியில் குறித்துக்கொள்வார்கள், ஒப்பந்தம் போட்ட அன்றா, ஒப்படைக்கும் அன்றா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத் தேதி என்றால் ஜூன் வரை கவலையில்லாமல் ஓட்டலாம்.

காருக்குக் கடன் இருந்தால், நிறுவனம் மீதிக் கடனை நேராக வங்கிக்குக் கட்டிவிட்டு மிச்சத்தை உங்களுக்குத் தரும். இங்கேதான் புதிதாகப் போன பிள்ளைகள் அடிபடுகிறார்கள். காரைக் கொடுத்தாகிவிட்டது என்று அந்த மாதத் தவணையை நிறுத்திவிடுவார்கள், வங்கிக்கு நிறுவனத்தின் பணம் போய்ச் சேர நாளாகும், இடையில் தவணை தவறியதாகப் பதிவாகிவிடும். அங்கே போய் ஓராண்டு ஈராண்டு ஆனவரின் கடன் வரலாறு மெலிந்தது, ஒரு தவறிய தவணையை அது தாங்காது. வாடகை வீடு தேடும்போதும் அடுத்த கார் வாங்கும்போதும் அது வந்து நிற்கும். வங்கிக் கணக்கில் கடன் பாக்கி பூஜ்யம் என்று கண்ணால் பார்க்கும் வரை தவணையைக் கட்டுங்கள், கூடுதலாகக் கட்டியது திரும்பி வரும். காரோடு சேர்த்து நீட்டிப்பு வாரண்டி வாங்கியிருந்தால் அதை ரத்து செய்து, மிச்சக் காலத்துக்கான பணத்தையும் கேட்டு வாங்குங்கள். பலர் இதை மறந்தே விடுகிறார்கள். நியூயார்க்கில் காப்பீட்டை ரத்து செய்வதற்கு முன்பு நம்பர் பிளேட்டுகளை மோட்டார் வாகனத் துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும், வரிசை மாறினால் உங்கள் பதிவையே நிறுத்திவைப்பார்கள்.

விசாவைப் பற்றிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் மீது புகார் கொடுத்தால் விசாவுக்குக் கெடுதல் வரும் என்று சில பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு ஓட்டைக் காரை ஓட்டுகிறார்கள். இது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான சிவில் விவகாரம், இதற்கும் குடியேற்றத்துக்கும் தொடர்பில்லை. விசா இந்த முடிவுக்குள் வருவது வேறு வழியில். எச்-1பி விசாவில் இருப்பவரின் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான் உண்டு. வேலை ஆட்டம் காண்கிறது என்று தெரிந்தால் மற்ற எல்லாக் கணக்கையும் விட்டுவிட்டுக் காரை முதலில் கொடுத்துவிடுங்கள். ஊருக்கே திரும்பும் நிலை வந்தாலும், காசோலை வந்து சேரும் வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூட வேண்டாம். டாலர் காசோலையை ராமநாதபுரத்துக் கிளையில் மாற்றுவது பெரும்பாடு. அந்தப் பணத்தைத் தங்கை திருமணத்துக்குத் தருவதாக, அது கைக்கு வரும் முன்பே வீட்டில் வாக்குக் கொடுப்பதும் வேண்டாம், தம்பி. கல்யாண மண்டபக்காரருக்கும் நகை செய்யும் பத்தருக்கும் நிறுவனத்தின் தாமதம் புரியாது.

பெரியபட்டினத்தில் தாய்வீட்டில் பிரசவத்துக்கு வந்திருக்கும் தங்கை ஒருவர் இதே விஷயத்தில் வேறொரு சிக்கலைக் கேட்டிருக்கிறார். கணவர் அங்கே காரை ஒப்படைக்க வேண்டும், ஆனால் உரிமைச் சான்றில் இவர் பெயரும் இருக்கிறது. ஒருவர் கையெழுத்துப் போதுமா, இருவரும் இட வேண்டுமா என்பது மாநிலத்தையும், சான்றில் இரு பெயர்களும் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பொறுத்தது. இருவரும் இட வேண்டும் என்றால், கணவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தரலாம். நோட்டரி தேவைப்படாத படிவம் அந்த மாநிலத்தில் செல்லுமா என்று நிறுவனத்திடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள், அம்மா, செல்லும் என்றால் அலைச்சல் மிச்சம். செல்லாது என்றால், சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவைக்கு முன்பதிவு செய்து நேரில் போக வேண்டியிருக்கும். பத்திரத்தில் வீட்டிலிருந்தே கையெழுத்திட்டுவிட்டுப் போகாதீர்கள், அதிகாரியின் முன்னால்தான் இட வேண்டும். நிறைமாதத்தில் இரவு ரயிலில் சென்னைக்குப் போய் வருவது ஆகாத காரியம். கோளாறு பாதுகாப்பைப் பற்றியது இல்லை என்றால், குழந்தை பிறந்து உங்களுக்கு உடம்பு தேறிய பிறகு ஒப்படைக்கும் நாளை வைக்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். மூலப் பத்திரம் கூரியரில் அங்கே போய்ச் சேரும் நாள்களையும் சேர்த்தே அவர் நிறுவனத்திடம் தேதி கேட்கட்டும்.