அவையில் நிற்கிற 16 பேர்

(எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழு, ஞாயிறு இரவு)

அக்கா: தம்பி, நீ இன்று பள்ளிக்கூடத்தில் எடுத்த நாடக ஒத்திகை வீடியோவை இப்போதுதான் முழுக்கப் பார்த்தேன். கண்ணகியாக நிற்கிற பிள்ளை நன்றாகப் பாடுகிறாள், குறையே இல்லை. ஆனால் அவள் சிலம்பை உடைத்ததும் பின்னால் நிற்கிற 16 பேரும் ஒன்றாக நெஞ்சில் கை வைத்து, ஒன்றாக வாயைத் திறந்து, ஒன்றாகச் சபையைப் பார்க்கிறார்கள். மூன்று கிழமையாகப் பாட்டையும் தாளத்தையும் மட்டும்தான் திருத்தியிருக்கிறேன். தமிழ்த் தினப் போட்டி வலய மட்டத்துக்கு இன்னும் 12 நாள்.

நான்: ஓம் அக்கா, எடுக்கும்போதே எனக்கும் பட்டது. கண் கண்ணகியிடம் நிற்காமல் அந்தக் கைகளுக்கே போகிறது. இடப்பக்கம் கடைசியில் நிற்கிற பிள்ளை சால்வையைச் சரிசெய்த இடத்தில் நான் பாட்டையே விட்டுவிட்டேன்.

பெரியமாமா: பிள்ளை, மணி தெறித்ததை யார் முதலில் விளங்கிக்கொள்வான் என்று அவர்களிடம் கேட்டாயா? தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று சொன்னவன் அரசன், மாணிக்கம் தெறித்ததும் அவன் முகத்தில்தான். அதனால் அவன்தான் முதல். பக்கத்தில் நிற்கிற மந்திரி அரசனின் முகத்தைப் பார்த்துத்தான் அறிவான். வாயிற்காவலன் தூரத்தில் நிற்கிறான், அவனுக்கு மணி தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். தேவி சிலம்பைப் பார்க்கவே மாட்டாள், புருசனைத்தான் பார்ப்பாள். எல்லோரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டால், எல்லோருக்கும் கதை முதலே தெரியும் என்றுதான் அர்த்தம்.

அக்கா: பொற்கொல்லனையும் அவையில் நிறுத்தியிருக்கிறேன் மாமா, அது நானாகச் சேர்த்தது.

பெரியமாமா: அவன் மணியைப் பார்க்கக் கூடாது. வாசலைப் பார்க்க வேண்டும்.

அக்கா: வாசிக்கவே மெய் சிலிர்க்கிறது மாமா.

சித்தி: அக்கா, நான் தங்கச்சி, அம்மாவின் போனில் இருந்து எழுதுகிறேன். மெய்ப்பாடு, அதாவது மனதில் உள்ளது உடம்பில் தெரிவது, எட்டு என்று தொல்காப்பியத்தில் இருந்து நீங்கள்தானே எங்களுக்குப் படிப்பித்தீர்கள், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று. இந்தக் காட்சியில் எங்கள் 16 பேருக்கும் அழுகையை மட்டும் தந்திருக்கிறீர்கள். எங்களுக்குத் தனி வசனமும் இல்லை. நான் யார் என்று தெரியாமல் நிற்பதால்தான் பக்கத்தில் நிற்பவள் செய்வதைப் பார்த்து நானும் செய்கிறேன்.

அக்கா: நீ சொல்வது சரி தங்கச்சி, அது என் பிழை. நாளைக்கு ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளைத் தருகிறேன். மந்திரிக்கு இளிவரல், இத்தனை பேர் முன்னால் தலை குனிகிற வெட்கம். காவலருக்கு அச்சம். பின்வரிசைப் பெண்களுக்கு வெகுளி, அதாவது கோபம், அவர்கள் கண்ணகியின் பக்கம். கோவலனை வெட்டிய வீரனும் அங்கே நிற்கிறான் அல்லவா, அவன் யாரையும் பார்க்காமல் தன் வலக்கையை மட்டும் பார்க்கட்டும்.

நான்: அந்த வீரனை முன்வரிசைக்குக் கொண்டு வாங்கோ. பின்னால் நின்றால் கையைப் பார்ப்பது மண்டபத்துக் கடைசி வாங்குக்குத் தெரியாது. அங்கே கண்ணும் தெரியாது, கழுத்தும் தோளும்தான் தெரியும். இன்னொன்று, வாயில் கை வைப்பதை முழுதாக நிறுத்துங்கோ. பிற்பாட்டும் அவர்கள்தானே பாடுகிறார்கள், அந்த ஒரு வரி முழுக்க மைக்கில் அமுங்கிப் போயிருக்கிறது.

பெரியமாமா: தம்பி சொல்வது முக்கியம். நாங்கள் கோவலன் கூத்து ஆடியது வட்டக்களரியில், சுற்றிவர ஆட்கள் இருப்பார்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் முகத்தைக் காண்பார். உங்களுடையது முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை, முன்னால் நிற்பவன் கண்ணகியை நேரே திரும்பிப் பார்த்தால் சபைக்கு அவன் முதுகுதான். முக்கால்வாசி திரும்பினால் போதும் என்று சொல்லு.

கையை முதலில் தூக்க விடாதே. முதலில் மூச்சு நிற்க வேண்டும், பிறகு கண், பிறகு கழுத்து, கை கடைசியில். 16 பேரில் நான்கைந்து பேருக்குக் கை அசைந்தால் போதும்.

அக்கா: எந்த அடியில் யார் என்பதை எப்படிப் பிரிப்பது மாமா? சும்மா விட்டால் பிறகும் ஒன்றாகத்தான் செய்வார்கள்.

பெரியமாமா: ஆதி தாளம்தானே, 8 எண்ணு. உடைந்த அடி 1, அதில் அரசன். 2இல் தேவி, 3இல் மந்திரி, 5இல் முன்வரிசை, 7இல் காவலரும் பின்வரிசையும். அடுத்த வட்டம் முழுக்க மத்தளம் நிற்கட்டும், ஒருவரும் அசையக் கூடாது. அந்த எட்டு அடியும் பிள்ளைகளுக்கு மிக நீளமாகத் தெரியும், பயந்து ஏதாவது செய்யப் பார்ப்பார்கள், விடாதே. அப்போதுதான் சபை கண்ணகியைப் பார்க்கும்.

அப்புறம், வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் காவடி வரும்போது சனத்தைப் பார்த்திருப்பார்கள். ஒருவர் கண்ணை மூடிக் கும்பிடுவார், ஒருவர் பிள்ளையைத் தோளில் ஏற்றுவார், ஒரு கிழவி காவடி போன பிறகும் வந்த திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதை நினைத்துப் பார்க்கச் சொல்லு, நீ செய்து காட்டாதே. செய்து காட்டினால் உன்னைப் போலவே 16 பேர் நிற்பார்கள்.

சித்தி: அக்கா, நான் அரசிக்கு வெற்றிலைத் தட்டம் ஏந்துகிறவளாக நிற்கலாமா? தேவி விழும்போது எல்லோரும் அவளிடம் ஓடுவார்கள். நான் தட்டத்தைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அக்கா: நில் தங்கச்சி. அதை யாருக்கும் சொல்லாமல் நாளைக்குச் செய், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். தம்பி, நீ 3 மணிக்கே வா, ஒட்டுசுட்டான் பிள்ளைகள் பஸ்ஸுக்குப் போக வேண்டும். இந்த முறை கண்ணகியை எடுக்க வேண்டாம், பின்னால் நிற்பவர்களை மட்டும் எடு.

சித்தி: இப்போது எழுதுவது சித்திதான். அம்மம்மாவின் பித்தளைத் தட்டத்தைத் தந்துவிடுகிறேன். பாரமானது, இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லு.