பாப்ஓவர் உப்புது, வெளிய எடுத்ததும் அமுங்கிடுது. உதவி!

எம்.சி.ரோடு மருமக:
பழைய வண்ணாரப்பேட்டைல இருந்து எழுதறேன். 28 லிட்டர் ஓடிஜி (கரண்ட் ஓவன்), ஃபேன் கிடையாது. மூணு ஞாயித்துக்கிழமையா பாப்ஓவர் (மைதா, பால், முட்டை கலந்து ஓவன்ல உப்ப வைக்கிற பன் மாதிரி) போடறேன், மூணு தடவையும் ஊத்திக்கிச்சு. வெளிய மொறுமொறுன்னு, உள்ள வெறும் காத்தா இருக்கணுமாம். எனக்கு வந்தது முட்டை போட்ட குழிப்பணியாரம். மாமியார் "நல்லாத்தான இருக்கு"ன்னு சாம்பார் தொட்டு சாப்ட்டாங்க, அதுதான் இன்னும் வலிக்குது.

மைதா ஒன்றரை கப், பால் 1 கப், முட்டை 2, உப்பு, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன். 10 நிமிஷம் ப்ரீஹீட், 200 டிகிரில 25 நிமிஷம். பதினஞ்சாவது நிமிஷம் எட்டிப் பார்த்தப்ப சூப்பரா எழும்பியிருந்துச்சு.

பெரம்பூர் லோகோ:
எட்டிப் பார்த்தீங்கன்னா, கண்ணாடி வழியாவா, கதவத் திறந்தா?

எம்.சி.ரோடு மருமக:
திறந்துதான்... உள்ள லைட் எரியல.

பெரம்பூர் லோகோ:
பாதி வியாதி அங்கதான் இருக்கு. இதுக்கு ஈஸ்ட்டும் வேணாம், பேக்கிங் பவுடரும் வேணாம். மாவுல இருக்கிற ஈரம் ஆவியாகித்தான் தூக்குது. சுவர் வெந்து கெட்டியாகறதுக்குள்ள கதவத் திறந்தா ஆவி அடங்கிடும், சுவரும் விழுந்துடும். எண்ணெய் காயாம பூரி போட்டா என்ன ஆகும்? அதேதான் இது.

உங்க மாவும் பஜ்ஜி மாவு பதம். மைதா 1 கப் (120 கிராம்), பால் 240 மில்லி, முட்டை 3. நம்ம தெருக்கடை முட்டைய உடைச்சு எடை போட்டேன், 42 கிராம்தான் இருந்துச்சு. அமெரிக்கக் குறிப்புல சொல்ற லார்ஜ் முட்டை ஓடில்லாம 50 வரும். அதான் ஒண்ணு கூட. ஆப்ப மாவு மாதிரி ஓடணும். அரை மணி மூடி வெச்சிடுங்க. பாலும் முட்டையும் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த ஜில்லோட வேணாம்.

எங்க லைன்ல ஒரு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை கறி ரோஸ்ட்டுக்கு யார்க்‌ஷயர் புட்டிங் (இனிப்பு இல்ல, இதே மாதிரி உப்பற இங்கிலீஷ் பண்டம்) போடுவாங்க. பாப்ஓவர் அதோட அமெரிக்கத் தங்கச்சி. புட்டிங் வேகற வரைக்கும் ஆன்ட்டி அடுப்பு கிட்ட பசங்க யாரையும் விடமாட்டாங்க.

ராயபுரம் ஓவன்:
பேக்கரில அடுப்படி வேலை பாக்கறவன். ஒண்ணு விட்டுட்டீங்க: அச்சு. ஓடிஜி இண்டிகேட்டர் லைட் அணைஞ்சா காத்து சூடாயிடுச்சுன்னுதான் அர்த்தம், அச்சு இன்னும் குளிர்ந்துதான் கிடக்கும். காலி அச்சை உள்ள வெச்சே 230ல 25 நிமிஷம் காய விடுங்க. அப்புறம் குழிக்கு அரை டீஸ்பூன் உருக்கின வெண்ணெய், பாதிக்குக் கொஞ்சம் மேல மாவு. ஊத்தறப்ப "சொர்ர்"னு சத்தம் வரணும். சிலிகான் அச்சு ஆகாது, சூட்டைப் பிடிக்காது.

230ல 20 நிமிஷம், அப்புறம் 180ல 15. கீழ் தட்டுல வைங்க, இல்லன்னா மேல் ராடுல முட்டிக்கும். கடைசியா கத்தி நுனியால ஒவ்வொண்ணையும் குத்தி, அணைச்ச அடுப்புலயே 5 நிமிஷம் விடுங்க. உள்ள ஆவி நின்னா அதுவே சுவரை ஊற வெச்சிடும்.

கொடுங்கையூர் சைவம்:
முட்டை இல்லாம வராதா?

ராயபுரம் ஓவன்:
வராது. மைசூர் போண்டா போடுங்க.

தண்டையார்பேட்டை 21:
பணியாரக் கல்லுல மூடி போட்டு சுட்டா?

பெரம்பூர் லோகோ:
கீழ மட்டும்தான் சூடு வரும். பணியாரம்தான் கிடைக்கும். அவங்க பிரச்சினையே அதுதானே!

எம்.சி.ரோடு மருமக:
அப்டேட். ஆறுல நாலு தொப்பி மாதிரி எழும்புச்சு!! ஆடிப் போயிட்டேன். ஆனா கதவுப் பக்கம் இருந்த ரெண்டும் குட்டை. டப்பால போட்டு வெச்சேன், அரை மணில துணி மாதிரி ஆயிடுச்சு. இன்னொண்ணு, போன வாரங்கள்ல ராத்திரி 8 மணிக்குப் போட்டேன், இன்னிக்கு மத்தியானம். அது காரணமா இருக்குமா?

ராயபுரம் ஓவன்:
இருக்கும். தெருவே ஏசி போடற நேரத்துல வோல்டேஜ் இறங்கினா ராடு மந்தமாத்தான் காயும். கதவுப் பக்கம் சூடு கம்மி, அந்த ரெண்டு குழியையும் காலியா விட்டுடுங்க. நடுவுல ட்ரேயத் திருப்பலாம்னு மட்டும் நினைக்காதீங்க, கதவு!

டப்பால போடவே கூடாது. நம்ம கடல் காத்துல அப்பளமே அஞ்சு நிமிஷம் தாங்காது. கம்பித் தட்டுல ஆற வைங்க, மிச்சமானா 180ல 5 நிமிஷம் திரும்பக் காட்டுங்க.

எம்.சி.ரோடு மருமக:
சரிண்ணா. உள்ள காலியாத்தானே இருக்கு, இறால் தொக்கு வெச்சா என்னன்னு மாமியார் கேக்கறாங்க.

ராயபுரம் ஓவன்:
தாராளமா வைங்க. தொக்கு வறண்டு இருக்கணும், வெச்ச கையோட சாப்ட்டுடணும்.